எல்லாம் சாம்பலாத்தான் போகப்போகுதுன்னா அப்புறம் எதுக்கு? – தம்பி கேட்டதுக்கு என் பதில்

தம்பி கேட்டத முதல்ல என் வார்த்தையில சொல்லிடறேன், அப்பத்தான் நான் எதுக்கு பதில் சொல்றேன்னு மத்தவங்களுக்கும் புரியும். என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சு ஓஆர்டி ஆகி, அதாவது சேவையிலேர்ந்து விடுபட்டு, மூணு மாசம், யூனி தொடங்க இன்னும் நாள் இருக்கு, நடுவுல பாட்டி தவறிட்டாங்க, மண்டாய் தகனச்சாலையில எரிச்சுட்டு மறுநாள் சாம்பல் எடுக்கப் போனப்ப 82 வருஷ வாழ்க்கை ஒரு தட்டுல அடங்கிப்போய் இருந்துச்சு, அன்னையிலேர்ந்து "எப்படியும் முடிவு இதான், நூறு வருஷம் கழிச்சு என் பேரு கூட யாருக்கும் தெரியாது, அப்புறம் எதுக்குப் படிச்சு வேலைக்குப் போயி வீடு வாங்கி"ன்னு மனசு சொல்லிட்டே இருக்கு, நிஹிலிசம் (எதுக்கும் அர்த்தமில்லங்கற கொள்கை) பத்தி ஒரு வீடியோ பாத்தாரு, அதுல சொல்றது கரெக்டாத் தெரியுது, இதுக்கு உண்மையிலேயே பதில் இருக்கா இல்ல எல்லாரும் சும்மா நடிச்சிட்டு இருக்கோமா. இதான் கேள்வி.

நான் யூனில பிலாசபி படிச்சவன், படிச்சு முடிச்சு இருபது வருஷமா கிடங்குல நைட் ஷிஃப்ட் பாக்கறவன் (சிரிக்காதீங்க லா, ராத்திரி மூணு மணிக்கு பேலட் எண்ணிட்டு இருக்கறவனுக்கு இந்தக் கேள்வி எல்லாரையும் விட நல்லாவே புரியும்). என் முடிவ முன்னாடியே சொல்லிடறேன். அந்த வீடியோ சொல்றதுல பாதி சரி. மீதிப் பாதி, சரியான பாதியிலேர்ந்து தானா வந்து விழற மாதிரி காட்டறாங்க பாருங்க, அங்கதான் தப்பு.

முதல்ல இந்த வார்த்தை. லத்தீன்ல நிஹில்னா ஒண்ணுமில்ல. இது ஆரம்பத்துல யாரும் பெருமையா தனக்கு வச்சிக்கிட்ட பேரு இல்ல, திட்டறதுக்குப் பயன்பட்ட வார்த்தை. 1799ல யாக்கோபின்னு ஒரு ஜெர்மன்காரர் ஃபிக்டேங்கற தத்துவவாதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி, உங்க வழியிலயே போனா கடைசில கையில ஒண்ணுமே மிஞ்சாதுய்யாங்கற அர்த்தத்துல இந்த வார்த்தையப் போட்டாரு. அப்புறம் 1862ல ரஷ்யாவுல துர்கனேவ் எழுதின நாவல்ல பசாரவ்னு ஒரு இளவட்டம் வர்றான், மருத்துவம் படிக்கறவன், தவளைய அறுத்துப் பாத்துட்டே இருப்பான், சாமி, பரம்பரை, கவிதை எதுக்கும் தலைவணங்க மாட்டான், அவனுக்கு இந்தப் பட்டம். கவனிங்க, அவன் படுத்துக் கிடக்கறவன் இல்ல. பயங்கர சுறுசுறுப்பு. அந்தக் காலத்து ரஷ்ய நிஹிலிஸ்டுங்க பழசு எல்லாத்தையும் உடைக்கணும்னு ஓடிட்டு இருந்தவங்க. இப்ப நாம "எதுக்கு எந்திரிக்கணும்"னு கேக்கற அர்த்தம் பின்னாடி ஒட்டிக்கிட்டது.

அப்புறம் நீட்சே, ஜெர்மன் தத்துவவாதி. இவர நிஹிலிஸ்டுன்னு சொல்றவங்கதான் அதிகம், ஆனா இவரு அந்த நோய் பத்தி எழுதின டாக்டர் மாதிரி. தன்னோட குறிப்புல, ஐரோப்பாவோட முதல் முழு நிஹிலிஸ்ட் நான்தான், ஆனா அத முழுசா வாழ்ந்து கடந்து வந்துட்டேன்னு எழுதி வச்சிருக்காரு. 1882ல எழுதின புக்குல ஒரு காட்சி வருது, பட்டப்பகல்ல லாந்தர் விளக்க ஏத்திக்கிட்டு ஒரு பைத்தியக்காரன் சந்தைக்கு ஓடி வந்து கடவுளத் தேடறேன்னு கத்தறான். எல்லாரும் "கடவுள் செத்துட்டாரு"ங்கற வரிய மட்டும் எடுத்துட்டு வந்துடறாங்க. அந்தச் சந்தையில நிக்கறவங்க யாருன்னு பாக்கறதில்ல. அவங்க ஏற்கனவே சாமிய நம்பாதவங்க, அவனப் பாத்து சிரிக்கறாங்க. அவன் பக்திமான்கள்கிட்ட கத்தல, நம்பாதவங்கிட்ட கத்தறான், நீங்க தூக்கிப் போட்டது எவ்ளோ பெரிய தூணுன்னு உங்களுக்கே இன்னும் தெரியலடான்னு. நல்லது கெட்டது, உழைப்பு, தியாகம் இது எல்லாமே அந்தத் தூண் மேலதான் நின்னுச்சு, தூண எடுத்துட்டு கூரை மட்டும் நிக்கும்னு நினைக்கறீங்களேன்னு. இது நியாயமான பயம்தான், நான் மறுக்கல.

சரி, தம்பியோட விஷயத்துக்கு வருவோம். தம்பி சொல்றதுல ரெண்டு வாதம் கலந்து கிடக்கு. ஒண்ணு காலம் பத்தி: எதுவும் நிலைக்காது, அதனால எதுக்கும் அர்த்தமில்ல. இன்னொண்ணு மேல இருக்கறவன் பத்தி: மேலேர்ந்து யாரும் அர்த்தம் குடுக்கல, அதனால அர்த்தமே இல்ல.

காலத்த முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா சிங்கப்பூர்ல இருக்கறவனுக்கு இது ரொம்ப சுலபமாப் புரியும். நாம வாங்கற எச்டிபி வீடு (அரசாங்கம் கட்டற அடுக்குமாடி வீடு) 99 வருஷ லீஸ். நூறாவது வருஷம் அது நம்மளது இல்ல. இங்க செத்தவனுக்கே லீஸ்தான், சுவா சூ காங் இடுகாட்டுல புதைச்சா 15 வருஷம், அப்புறம் தோண்டி எடுத்துடுவாங்க, 1998லேர்ந்து அதான் சட்டம். பிடாடரி இடுகாடு இருந்த இடத்துல இன்னைக்கு பிடிஓ வீடு (முன்பதிவு பண்ணி வாங்கற புது எச்டிபி வீடு) நிக்குது. உட்லே எம்ஆர்டி ஸ்டேஷன் ஞாபகம் இருக்கா, 2003லயே லைன் ஓட ஆரம்பிச்சாச்சு, ஆனா 2011 வரைக்கும் அந்த ஸ்டேஷன்ல ரயில் நிக்காமத்தான் போகும், சுத்தி இருந்தது பழைய இடுகாட்டு நிலம், ஏற ஆளில்ல. இப்ப அங்க காலையில ஸ்கூல் பசங்க கூட்டம்.

இப்ப சொல்லுங்க, 99 வருஷம் முடிஞ்சா வீடு போயிடும்ங்கறதால உங்க பாட்டி அந்த வீட்ல முப்பது வருஷம் பொங்கல் வச்சது நடக்காமப் போயிடுமா? லீஸ் முடியறது எதிர்காலத்து விஷயம். பொங்கல் வச்சது வச்சதுதான், அத எந்த அரசாங்கமும் திருப்பி வாங்க முடியாது. இன்னொரு பக்கமும் பாருங்க, சரி லா, உங்களுக்கு ஃப்ரீஹோல்ட் (காலக்கெடுவே இல்லாத உரிமை) குடுத்துட்டோம்னே வச்சிக்குவோம், சாவே கிடையாது. எண்பது வருஷத்துக்கு அர்த்தமில்லாத ஒண்ணு எட்டு லட்சம் வருஷம் இழுத்தா எப்படி அர்த்தமுள்ளதா ஆகும்? பூஜ்யத்த எதால பெருக்கினாலும் பூஜ்யம்தான். தாமஸ் நேகல்னு அமெரிக்க தத்துவவாதி 1971ல ஒரு கட்டுரை எழுதினாரு, அதுல ஒரு குத்து இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். பத்து லட்சம் வருஷம் கழிச்சு நாம இப்ப செய்யறது எதுவும் பொருட்டில்லன்னு சொல்றீங்களா, அதே கணக்குப்படி பத்து லட்சம் வருஷம் கழிச்சு நடக்கப்போற எதுவும் இப்ப நமக்குப் பொருட்டில்ல, அப்போ "அன்னைக்கு இது பொருட்டில்ல"ங்கற விஷயமும் இப்ப பொருட்டில்ல. முதல்ல படிச்சப்ப வார்த்தை விளையாட்டுன்னுதான் நினைச்சேன், ரெண்டு நாள் கழிச்சு பஸ்ல உக்காந்திருக்கும்போதுதான் உறைச்சுது. எதிர்காலத்துக்கு மட்டும் இப்ப இருக்கறத செல்லாததாக்கற அதிகாரத்த யாரு குடுத்தா?

ரெண்டாவது வாதம் கொஞ்சம் கஷ்டமானது. மேலேர்ந்து யாரும் குடுக்கலன்னா அர்த்தம் இல்ல. இத நேரா பிலாசபி புக்குல பாக்கறதுக்கு முன்னாடி ஒரு கோப்பிக்கடைக்குப் போவோம். மதியம் ஒரு மணி, டிஷ்யூ பாக்கெட் வச்சு மேசைய சோப் பண்ணிட்டு (இடம் பிடிச்சு வச்சிட்டு) சாப்பாடு வாங்கப் போறீங்க, திரும்பி வந்தா ஒருத்தன் டிஷ்யூவ ஓரமா தள்ளிட்டு உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான். அந்த நேரத்துல எந்த நிஹிலிஸ்டும் "பிரபஞ்சத்துக்கு இது பொருட்டில்ல"ன்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டே சாப்பிடறத நான் பாத்ததில்ல. ரத்தம் கொதிக்கும். நியாயம் அநியாயம்னு ஒண்ணு இல்லவே இல்லன்னா என்னத்துக்குக் கொதிக்குது?

நிஹிலிஸ்ட் இதுக்கு பதில் வச்சிருக்கான், அதையும் நேர்மையா சொல்லிடணும். கோவம் வருதுங்கறதால நியாயம்னு ஒண்ணு வெளியில இருக்குன்னு ஆயிடாது, கானல் நீர் எல்லாருக்கும்தான் தெரியுது, அதுக்காக அங்க தண்ணி இருக்கா? மேக்கின்னு ஒரு தத்துவவாதி 1977ல கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னாரு, நாம நல்லது கெட்டதுன்னு பேசறது எல்லாமே உலகத்துல இல்லாத ஒண்ணப் பத்திப் பேசறது, மொத்தமா ஒரு பிழைன்னு. கெட்டிக்கார வாதம். ஆனா கவனிச்சுப் பாத்தா அவரு மறுக்கறது மனுஷங்க யாருமே இல்லன்னாலும் பாறை மாதிரி கிடக்கற நியாயத்த. அப்படி ஒண்ணு இல்லன்னு நானும் ஒத்துக்கறேன்னே வைங்க. அதுக்காக நமக்குள்ள இருக்கறது பொய்யாயிடுமா? பாட்டி உங்களுக்கு முக்கியம்ங்கறது வியாழன் கிரகத்துக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். முக்கியம்ங்கறது யாருக்காவது முக்கியமா இருக்கறதுதான். பிரபஞ்சத்துக்கு இது முக்கியமான்னு கேக்கறது பஸ் ஸ்டாப் கம்பத்துகிட்ட பசிக்குதான்னு கேக்கற மாதிரி. அது இல்லன்னு சொல்லாது, ஆமான்னும் சொல்லாது, அது பதில் சொல்ற ஜாதியே இல்ல. அது சும்மா நிக்கறதப் பாத்து "ஐயோ, பசியே இல்லாத உலகம்"னு நாம அழக்கூடாது.

இந்த சண்டை ஏதோ வெள்ளைக்காரன் ஆரம்பிச்சதுன்னு நினைக்காதீங்க. மணிமேகலை 27ஆவது காதைக்குப் போங்க. வஞ்சி நகரத்துல அவ ஒவ்வொரு சமயக்காரன்கிட்டயும் போயி உங்க கொள்கை என்னன்னு கேட்டுட்டே வர்றா, கடைசியா வர்றவன் பூதவாதி, அதாவது நிலம், நீர் மாதிரி பூதங்கள் சேர்ந்ததுதான் எல்லாமேன்னு சொல்றவன். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மத்ததையும் சேர்த்துப் போட்டா எப்படி போதை பிறக்குதோ அப்படித்தான் பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்குது, பிரிஞ்சா போச்சு, மறுமை எல்லாம் பொய்ங்கறான். இன்னைக்கு வீடியோல பேசறவன் மூளை, நியூரான்னு சொல்றத இவன் கள்ளுப் பானைய வச்சே சொல்லிட்டான். ஆனா அவன் இன்னொண்ணும் சொல்றான்: "இம்மையும் இம்மைப் பயனும் இப்பிறப்பே". அதாவது இந்த வாழ்க்கையும் அதோட பலனும் இங்கயே இருக்கு. மறுமை இல்லன்னு சொன்ன அதே வாயால இம்மைக்குப் பயன் உண்டுன்னு சொல்றான் பாருங்க. மறுமை இல்லங்கறதும் அர்த்தமே இல்லங்கறதும் ஒண்ணு இல்லன்னு அந்தப் பூதவாதிக்கே தெரிஞ்சிருக்கு. சாமி இல்ல, ஆத்மா இல்ல, அதனால எதுவுமே இல்லன்னு இப்ப ஒரே தாவா தாவறவங்க அவன்கிட்ட டியூஷன் போகணும். (மணிமேகலை அவனப் பாத்து சிரிச்சுட்டு மடக்கறா, அது வேற கதை.)

பௌத்தத்துலயும் இதே தகராறுதான். நாகார்ஜுனர் எல்லாம் சூன்யம், எதுக்கும் தனக்குன்னு நிலையான சாரம் இல்லன்னு சொன்னப்ப, அப்போ புத்தர் சொன்ன துக்கம், துக்க நிவாரணம் எல்லாம் காலியான்னு எதிராளிங்க பிடிச்சிக்கிட்டாங்க. அவரு திருப்பிச் சொன்னாரு, சூன்யமா இருக்கறதாலதான்யா எதுவும் மாறவே முடியுது, இல்லன்னா துக்கம் துக்கமாவே கல்லு மாதிரி நின்னுடுமேன்னு. சூன்யத்த தப்பாப் பிடிச்சா பாம்பத் தப்பாப் பிடிச்ச கதைதான்னும் சேத்துச் சொன்னாரு. அந்த வீடியோக்காரர் பிடிச்சிருக்கறது வால்னு நினைக்கறேன்.

இப்ப காம்யு, பிரெஞ்சு எழுத்தாளர். தம்பி அவர் பேரையும் சொல்லிருந்தீங்க. 1942ல வந்தது அவரோட புக்கு. கிரேக்கக் கதையில சிசிஃபஸ்னு ஒருத்தன், பாறைய மலை உச்சிக்கு உருட்டணும், உருட்டினா அது திரும்பக் கீழ வந்துடும், திரும்ப உருட்டணும், முடிவே இல்ல, இதான் தண்டனை. அவன் சந்தோஷமா இருக்கறதா நாம நினைச்சிக்கணும்னு காம்யு முடிப்பாரு. எல்லாரும் ஆஹான்னு சொல்ற இடம், எனக்கு மட்டும் உறுத்தும். ஏன்னா அந்த மலையில சிசிஃபஸ் தனியா இருக்கான். அவன் உருட்டற பாறையால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல, உருட்டலன்னா யாருக்கும் நஷ்டமும் இல்ல.

எங்கம்மா ஒரு ஸ்கூல் கேன்டீன்ல 22 வருஷம் கடை போட்டவங்க. விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு மீ ஹூன் பிரட்டி, நாசி லெமாக் கட்டி, சாம்பல் காய்ச்சி (நம்ம சாம்பல் இல்ல, மிளகாய் சாம்பல்), ஒன்பதரை மணி ரீசெஸ்ல எல்லாம் காலி, மறுநாள் திரும்ப அதே. பாறை உருட்டறதுதான் இதுவும், வெளியிலேர்ந்து பாத்தா. இத நான் புனிதமாக்க விரும்பல, முட்டி வலி, வாடகை, லாபம் கம்மி, அவங்களே எத்தனையோ நாள் "இந்தக் கடை எரிஞ்சு போனா தேவல"ன்னு கத்திருக்காங்க. ஆனா ஒரு சைனீஸ் பையன் இருந்தான், ப்ரைமரி ஒன்னு, காரம் துளி பட்டாலும் சாப்பிட மாட்டான், அம்மா அவனுக்குன்னு ஒரு கைப்பிடி மீ ஹூன மிளகாய் போடறதுக்கு முன்னாடியே எடுத்துத் தனியா வச்சிடுவாங்க, அவன் பேரு கூட இவங்களுக்குத் தெரியாது. கடைய விட்டப்ப அம்மா அழல, பேசல. வீட்டுக்கு வந்து கேட்ட ஒரே கேள்வி, புதுசா வர்றவங்க அந்தப் பையனுக்குத் தனியா எடுத்து வப்பாங்களான்னுதான்.

1970ல ரிச்சர்ட் டெய்லர்னு ஒரு தத்துவவாதி கேட்டாரு, சிசிஃபஸுக்கு ஊசி போட்டு பாறை உருட்டறதுல வெறித்தனமான ஆசை வர வச்சிட்டா என்ன ஆகும்? அவன் வாழ்க்கைக்கு அர்த்தம் வந்துடும்ங்கறது அவர் கட்சி, வேண்டியது உள்ள இருக்கற ஆசைதானே. சூசன் வுல்ஃப்னு இன்னொரு தத்துவவாதி இத ஒத்துக்கல. மனசு ஈடுபடணும், ஆனா ஈடுபடற விஷயமும் அதுக்குத் தகுதியா இருக்கணும், ரெண்டும் சேர்ற இடத்துலதான் அர்த்தம்னு அவங்க சொல்றாங்க. நான் அவங்க கட்சி, அம்மாவப் பாத்தவன் வேற எந்தக் கட்சிக்கும் போக முடியாது. தகுதின்னு யாரு முடிவு பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்கு முழு பதில் யார்கிட்டயும் இல்ல, வுல்ஃப்கிட்டயும் இல்ல, ஆனா காரம் சாப்பிடாத பையனுக்குத் தனியா எடுத்து வக்கறது தகுதியானது, எட்டு மணி நேரம் ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கறது தகுதியில்லாததுன்னு சொல்ல எனக்குத் தத்துவவாதி தேவையில்ல. நடுவுல இருக்கறதுக்குத்தான் சண்டை, அது இருந்துட்டுப் போகட்டும்.

இன்னொண்ணு, இது உங்க வயசப் பாத்து சொல்றது. இந்த ஊர்ல நமக்கு யாரும் அர்த்தம் தேட நேரமே குடுக்கறதில்ல, ஏணி ரெடியா சாத்தி வச்சிருக்கு. பிஎஸ்எல்இ பரீட்சை, ஓ லெவல் பரீட்சை, பாலிடெக்னிக், என்எஸ், டிகிரி, பிடிஓ. எங்க காலத்துல ஃபைவ் சீன்னு ஒரு மந்திரம் வேற, கேஷ், கார், காண்டோ, கிரெடிட் கார்டு, கன்ட்ரி கிளப். ஒரு படியிலேர்ந்து அடுத்த படிக்குக் கால வக்கும்போது கேள்வி வராது. ரெண்டு படிக்கு நடுவுல நிக்க வச்சா உடனே வரும். நீங்க இப்ப நிக்கறது அங்கதான், ஓஆர்டிக்கும் யூனிக்கும் நடுவுல, கூடவே பாட்டியும் இல்ல. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய்க்கு இது வந்தப்ப வயசு கிட்டத்தட்ட அம்பது, நிலம், புகழ், குடும்பம் எல்லாம் இருந்துச்சு, அப்பவும் "சரி, அப்புறம்?"னு ஒரு கேள்வி வந்து ஆள உக்கார வச்சிடுச்சு, தூக்குப் போட்டுக்குவோமோன்னு பயந்து கயித்த எல்லாம் ஒளிச்சு வச்சதா அவரே எழுதிருக்காரு. அதனால கேள்வி சின்னப் பசங்க கேள்வி இல்ல, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஆனா ஒண்ணு நேரா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தூக்கம் வருதா? சாப்பாடு ருசிக்குதா? கூட்டாளிங்க கூப்பிட்டா போறீங்களா? இது எல்லாம் வாரக்கணக்கா இல்லன்னா அது வாதம் இல்ல தம்பி, உடம்பும் மனசும் சோர்ந்து போய் தத்துவத்துக்கிட்ட வார்த்தைய கடன் வாங்கிப் பேசுது. அதுக்கு நேகல் உதவ மாட்டாரு. பாலிகிளினிக் டாக்டர்கிட்ட சொல்லுங்க, இல்ல ராத்திரி எந்நேரமா இருந்தாலும் 1767க்கு அடிங்க, சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர், 24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க. சாகணும்ங்கற எண்ணம் தலைகாட்டினா நாளைக்குன்னு தள்ளாதீங்க. 2020லேர்ந்து தற்கொலை முயற்சி இங்க குற்றம் கூட இல்ல, போலீஸ்னு பயந்து யாரும் வாய மூடிக்க வேண்டியதில்ல.

கடைசியா ஒண்ணு. புறநானூறு 194, பக்குடுக்கை நன்கணியார் பாடினது, ஏழே வரி. ஒரு வீட்ல சாவுப் பறை அடிக்குது, இன்னொரு வீட்ல கல்யாண முழவு அடிக்குது, ஒருத்தி பூ வச்சிருக்கா, இன்னொருத்தி கண்ணுல தண்ணி, இப்படி ஒரு உலகத்தப் படைச்சான் பாரு "அப் பண்பிலாளன்"னு படைச்சவனையே திட்டறாரு. "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே"ன்னு முடிக்கறாரு, அதாவது இந்த உலகம் கொடுமையானதுதான், ஆனா இதோட இயல்பு தெரிஞ்சவங்க இதுல இனியதப் பாருங்கன்னு. நீட்சேவுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடி.

போன மாசம் எங்க புளோக் வாய்ட் டெக்ல (கீழ்த்தளத்துல இருக்கற திறந்த இடம்) அந்தக் கோடியில ஒரு சைனீஸ் சாவு, மூணாவது நாள், மஞ்சக் கயிறு, வட்ட மேசை, வேர்க்கடலைத் தோல். இந்தக் கோடியில மலாய்க் கல்யாணம். மாப்பிள்ளைய அழைச்சிட்டு கொம்பாங் மேளம் அடிச்சுக்கிட்டு பத்துப் பன்னண்டு பசங்க கார்பார்க்லேர்ந்து வர்றாங்க, காது கிழியுது, நான் நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்காம கோப்பி ஓ பாக்கெட்டோட நின்னுட்டு இருக்கேன். சாவு நடக்கற இடத்தத் தாண்டித்தான் வரணும், வேற வழி இல்ல. முன்னாடி நடந்த பையன், பதினஞ்சு வயசு இருக்கும், அந்த வெள்ளைத் துணியப் பாத்ததும் கைய மட்டும் லேசாத் தூக்கினான். யாரும் சொல்லல. மொத்தக் கொம்பாங்கும் நின்னுச்சு. செருப்புச் சத்தம் மட்டும். சாவு வீட்டுல உக்காந்திருந்த ஒரு ஆ பெக் (வயசான சைனீஸ்காரர்) எந்திரிச்சு நின்னு தலைய ஆட்டினாரு. லிஃப்ட் லாபியத் தாண்டி அந்தப் பக்கம் திரும்பினதும் பையன் கைய இறக்கினான், திரும்ப ஆரம்பிச்சுச்சு, முன்ன விட சத்தமா.